வாவிக்கரையின் நாளை: கதை காட்டும் நகரமும் திட்டம் காட்டும் நகரமும்

மட்டக்களப்பில் வாவிக்கரையைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வசனங்கள் தவறாமல் வரும். ஒன்று, நகரின் நடுப்பகுதியான புளியந்தீவைப் பற்றியது: “இன்னும் கொஞ்சக் காலத்தில புளியந்தீவு தண்ணிக்குள்ளதான்.” மற்றது, “சிங்கப்பூர் மாதிரி நடைபாதை, லைற், ரெஸ்டோரன்ட் எல்லாம் வரப்போகுதாம்.” சில வேளை இரண்டையும் ஒரே ஆளே சொல்வார், தேத்தண்ணி ஆறுவதற்குள். முதல் வசனம் கதைகளிலிருந்தும் படங்களிலிருந்தும் வந்தது. இரண்டாவது, திட்டமிடுபவர்கள் கணினியில் வரைந்து பலகையில் மாட்டும் வண்ணப்படத்திலிருந்து வந்தது. இரண்டிலும் கரை அசையாமல் நிற்கிறது: ஒன்றில் நகரம் முழுக்க நீருக்குள், மற்றதில் முழுக்க நீருக்கு வெளியே.

நிஜக் கரை அப்படி நிற்பதில்லை. அது எப்படி அசைகிறது என்பது விளங்கினால், கதை எந்த இடத்தில் மிகைப்படுத்துகிறது, திட்டம் எந்த இடத்தில் மறைக்கிறது என்பது தானாகவே தெரியும்.

கரை கோடா, பட்டையா?

மழை நாளில் வீட்டுத் தாழ்வாரத்தைப் பாருங்கள். தூறல் என்றால் கூரை விளிம்புக்கு நேர் கீழே ஒரு சாண் நனையும். வாடைக் காற்றோடு அடித்தால் சாரல் திண்ணை வரை வரும். நனையும் இடம் எங்கே முடிகிறது என்று சோக்கட்டியால் ஒரு கோடு போட முடியாது. எப்போதும் நனையும் இடம், சில நாள் நனையும் இடம், பெருமழைக்கு மட்டும் நனையும் இடம் என்று ஒரு பட்டையைத்தான் காட்டலாம். வீட்டுக்காரருக்கு அந்தப் பட்டை பாடம். செருப்பை வெளியே விடுவார், நெல் மூட்டையை உள்ளே அடுக்குவார்.

வாவிக்கரையும் இப்படித்தான். நீர் ஆகக் குறைந்து நிற்கும் மட்டத்துக்கும் ஆகக் கூடி நிற்கும் மட்டத்துக்கும் இடையில், நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் நிலத்தை இங்கே ‘நீர்விளிம்புப் பட்டை’ என்று அழைப்போம். பாறைக் கரையில் அது இரண்டு அடி அகலம்கூட இராது. மட்டக்களப்பைப் போன்ற தட்டை நிலத்தில் கதை வேறு. 100 மீற்றர் நடந்தால் 1 மீற்றர் மட்டுமே ஏறும் சாய்வு என்று வைத்துக்கொண்டால், நீர் அரை மீற்றர் உயர்ந்ததும் 50 மீற்றர் உள்ளே வந்துவிடும்.

நீரை ஏற்றி இறக்குவது எது? பலர் கடலின் ஏற்ற வற்றைச் சொல்வார்கள். ஆனால் இலங்கையைச் சுற்றி அது ஒரு மீற்றருக்கும் குறைவு. வாவியின் மட்டத்தைத் தீர்மானிக்கும் பெரிய ஆள் முகத்துவாரம்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பாலமீன்மடுவிலும், தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு வாய் திறக்கிறது. கோடையில் ஆறுகளின் வரத்துக் குறைய, அலை கொண்டுவந்து போடும் மணல் அந்த வாயை மூடிவிடும். மாரி தொடங்கியதும் படுவான்கரைப் பக்கத்து ஆறுகளும் வான் பாயும் குளங்களும் வாவிக்குள் நீரைக் கொட்டும். வாய் மூடியிருப்பதால் வாவியின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறும். அப்போதுதான் ‘முகத்துவாரம் வெட்டுவது’ என்ற பேச்சு வரும்.

வெட்டுவது என்றால் முழு மணல்திட்டையும் அள்ளிக் கொட்டுவதில்லை. ஓர் ஒடுங்கிய வாய்க்கால் போதும். வாவிக்கும் கடலுக்கும் உள்ள உயர வித்தியாசமே நீரை வேகமாக ஓடவைக்கும். ஓடும் நீர் இரு பக்கமும் மணலை அரித்துத் தன் வழியைத் தானே அகலமாக்கும். முந்தி வெட்டினால் உயர வித்தியாசம் போதாது, அலை மறுபடி மணலைப் போட்டு மூடிவிடும். பிந்தி வெட்டினால் கரையோர வட்டைகளில் பெரும்போக வேளாண்மை தண்ணீருக்குள் நிற்கும். வேளாண்மைக்காரர் வெட்டச் சொல்வார். வாவியை நம்பிய மீனவர் பொறுக்கச் சொல்வார். நீர் பாய்ந்து வெளியேறும்போது இறாலும் மீனும் சேர்ந்து போகும், உள்ளே வரும் உப்புநீரின் அளவும் மாறும். ஆக, புளியந்தீவின் கரை ஒரு மாரியில் எங்கே நிற்கும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மனிதர் கூடிப் பேசி எடுக்கும் முடிவும், அது எந்த நாளில் எடுக்கப்படுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இதுவரை சொன்னது: கரை ஒரு பட்டை. தட்டை நிலத்தில் அது அகலம். மட்டக்களப்பில் அதை நகர்த்துவதில் முகத்துவாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கதையில் வரும் கரை

தமிழருக்கு இந்தக் கற்பனை புதிதல்ல. சிலப்பதிகாரம் காவிரிப்பூம்பட்டினத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் பரதேச வணிகரும் மீன், உப்பு விற்பவரும் கைவினைஞரும் இருக்கிறார்கள். உள்ளே தள்ளிய பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருங்குடி வணிகர் மாடங்களும். இரண்டுக்கும் நடுவே மரங்களே தூணாக நிற்கும் சோலையில் நாளங்காடி. இரைச்சலும் ஈரமும் உள்ள தொழில் நீரோரம், குடியிருப்பு உள்ளே, சந்தை இடையில். இன்றைய திட்டமிடுபவர் ‘வலயப் பிரிப்பு’ என்று சொல்வதும் இதுதான்: எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று பகுதி பகுதியாக வகுப்பது.

அதே நகரம் மணிமேகலையில் கடலுக்குள் போகிறது. காணாமற்போன மகனைத் தேடி அலைந்த சோழன் இந்திரவிழாவை மறந்தான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் கடல் நகரைக் கொண்டது. இங்கே கடல் தண்டனையாக வருகிறது, ஒரே வீச்சில் வருகிறது. இந்த இரண்டு பழக்கங்களும் இன்றைய மூழ்கும் நகரக் கதைகளிலும் அப்படியே தொடர்கின்றன. மனிதன் ஒரு தவறு செய்கிறான், ஒரு பேரலை எழுகிறது, கோபுர உச்சி மட்டும் வெளியே தெரிகிறது.

கடல்மட்ட உயர்வு உண்மையில் நடக்கும் விதம் இதற்கு நேர் எதிர். காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் 2021 அறிக்கைப்படி, 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 2006–2018 காலத்தில் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். 2100 ஆகும்போது, 1995–2014 சராசரியோடு ஒப்பிட, புகை வெளியேற்றம் வெகுவாகக் குறைந்தால் 0.28 முதல் 0.55 மீற்றர் வரையும், வெகுவாகக் கூடினால் 0.63 முதல் 1.01 மீற்றர் வரையும் உயர வாய்ப்புண்டு என்று அது கணிக்கிறது. இந்த வேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. எந்தக் கதாசிரியருக்கும் இது தலைவலிதான். ஆண்டுக்கு 4 மில்லிமீற்றர் ஏறும் வில்லனை வைத்து யார் கதை எழுதுவார்?

கிம் ஸ்டான்லி ரொபின்சன் 2017-இல் எழுதிய ‘நியூயோர்க் 2140’ நாவல் இந்தச் சிக்கலை ஒரு தந்திரத்தால் தாண்டுகிறது. கடல் ஏறத்தாழ 15 மீற்றர் உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு தொடங்குகிறது. தெருக்கள் கால்வாயாகிவிட்டன, மாடிகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வீட்டுச் சந்தையும் ஓய்ந்தபாடில்லை. 15 மீற்றர் என்பது மேலே சொன்ன கணிப்பிலிருந்து வெகு தூரம். ஆனால் நாவல் எழுப்பும் கேள்வி கூர்மையானது: நீர் ஏறும்போது நனைந்து, இறங்கும்போது காயும் அந்த நிலம் சட்டப்படி யாருக்குச் சொந்தம்? அங்கே முதலில் குடியேறுபவர் யார், பிறகு விலை பேசி வாங்குபவர் யார்? நம்முடைய நீர்விளிம்புப் பட்டையேதான் அது. பெரும்பாலான நகரத் திட்ட அறிக்கைகளை விட இந்த ஒரு கேள்வியில் கதை முன்னால் நிற்கிறது.

சுருக்கமாக: கதை கொடுக்கும் அளவை நம்பத் தேவையில்லை. அது கேட்கும் கேள்வியைக் குறித்துக்கொண்டால் போதும்.

திட்டத்தில் வரும் கரை

நடைபாதை, விளக்கு, உணவகம், மீன்காட்சிச் சாலை என்ற இந்த அச்சு எங்கிருந்து வந்தது? ஒரு பெட்டியிலிருந்து. 1956-இல் அமெரிக்காவில் முதல் கொள்கலன் கப்பல் ஓடியது. கொள்கலன் ஏற்றும் கப்பலுக்கு ஆழமான நீரும் பரந்த முற்றமும் வேண்டும். நகர மையத்தில் இருந்த பழைய துறைமுகங்களில் இரண்டும் இல்லை. சில பத்தாண்டுகளில் லண்டன், பால்ரிமோர் போன்ற நகரங்களின் பழைய துறைகள் வெறிச்சோடின. காலியான அந்த இடத்தை என்ன செய்வது என்று யோசித்தபோது, பால்ரிமோர் 1980-இல் உள்துறைமுகக் கரையில் கடைத்தொகுதியையும் அடுத்த ஆண்டு மீன்காட்சிச் சாலையையும் திறந்தது. அந்த மாதிரியை உலகெங்கும் படியெடுத்தார்கள்.

அந்த மாதிரிக்குள் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது: கரையில் இப்போது யாரும் வேலை செய்யவில்லை. பால்ரிமோரில் அது உண்மை. மட்டக்களப்பில் கரை எப்போது காலியானது? கல்லடிப் பாலத்தடியில் விடியற்காலை நின்று பார்த்தால் தெரியும். தோணிகள் வந்து சேர்கின்றன, வலையிலிருந்து நண்டு கழற்றுகிறார்கள், ஏலம் கூறுகிறார்கள். காலியான துறைக்கு எழுதிய மருந்தை வேலை நடக்கும் துறைக்குக் கொடுத்தால், நடைபாதை வரும், தோணி போகும்.

திட்டமும் சில வேளை கதையாகிவிடும். 1960-இல் ஜப்பானியக் கட்டடக்கலைஞர் கென்சோ தாங்கே தோக்கியோ விரிகுடாவின் மேல் ஒரு பெரும் நகரத்தை, நீருக்குக் குறுக்கே நெடுஞ்சாலைகளோடு வரைந்தார். அது கட்டப்படவில்லை, ஆனாலும் கட்டடக்கலை மாணவர் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். மிதக்கும் நகரம் என்ற எண்ணமும் அதே காலத்து ஜப்பானில் கொடிகட்டிப் பறந்தது. நம் வாவிக்கும் மிதக்கும் வீடு கொண்டுவரலாம் என்று அவ்வப்போது ஒருவர் சொல்வார். மிதக்கும் கட்டடத்துக்கு அதன் அடிப்பாகம் எந்த மாதத்திலும் சேற்றில் தட்டாத ஆழம் வேண்டும். மட்டக்களப்பு வாவி ஆக ஆழமான இடத்திலேயே ஏறத்தாழ 4 மீற்றர்தான், பெரும்பகுதியில் அதிலும் குறைவு. முகத்துவாரம் வெட்டிய மறுநாள் வீடு சேற்றில் சாய்ந்து உட்காரும்.

புட்டுக் குழலும் வெட்டுமுகமும்

திட்ட ஆவணத்தில் மூன்று வகைப் படங்கள் இருக்கும். முதலாவது வண்ணப்படம்: பச்சை மரம், பட்டம் விடும் பிள்ளை, நீல வானம். இது விளம்பரம். இரண்டாவது தளப்படம், அதாவது மேலிருந்து பார்த்தால் எது எங்கே என்று காட்டுவது. மூன்றாவது வெட்டுமுகம். ஆட்கள் அதிகம் தாண்டிப் போவது இதைத்தான், விஷயம் இருப்பதும் இதில்தான்.

புட்டுக் குழலை நீளவாக்கில் பிளந்தால் மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ என்று அடுக்குத் தெரியும். வெட்டுமுகம் அதேபோலக் கரையை நீரிலிருந்து வீதி வரை கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் காட்டுவது. வாவியின் அடி, நீர்மட்டம், கல் அணை, நடைபாதை, வடிகால், வீதி, வீட்டுத் தரை எல்லாம் எந்தெந்த உயரத்தில் என்று அதில் எண்கள் இருக்கும். அந்த எண்கள் சராசரிக் கடல் மட்டத்தைச் சுழியமாக வைத்து எழுதப்படும். ‘+1.20’ என்றால் அந்த மட்டத்துக்கு 1.2 மீற்றர் மேலே.

பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, உயரத்தின் அளவுத்திட்டமும் நீளத்தின் அளவுத்திட்டமும் பெரும்பாலும் வேறுபடும். நீளம் 500-க்கு 1, உயரம் 100-க்கு 1 என்றால் சாய்வு படத்தில் ஐந்து மடங்கு செங்குத்தாகத் தெரியும். தட்டைக் கரை மலைச்சரிவு போலக் காட்சி தரும். மற்றது, நீலக் கோடாக வரைந்திருக்கும் நீர்மட்டம் எந்த மாதத்து மட்டம்? ஓகஸ்ட் மட்டத்தை வரைந்துவிட்டு டிசம்பரில் வாழச் சொல்லும் படங்களும் உண்டு.

புளியங்கொட்டைக் கணக்கு

‘நூறாண்டு வெள்ளத்துக்குத் தாங்கும்’ என்ற சொல் பலரையும் ஏமாற்றுகிறது. நூறு ஆண்டுக்கு ஒரு தடவை வரும், அதனால் ஒன்று வந்துபோனால் நம் காலத்துக்கு இனி இல்லை என்று நினைக்கிறார்கள்.

தாயம் உருட்டப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அப்படி ஒன்றைத் தேய்த்து, தேய்க்காத 99 கொட்டைகளோடு ஒரு பையில் போடுங்கள். ஒவ்வொரு மாரிக்கும் கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டுவிடுங்கள். வெள்ளை வந்தால் அந்த ஆண்டு பெருவெள்ளம். திரும்பப் போடுவதுதான் முக்கியம். போன ஆண்டு வெள்ளை வந்தது இந்த ஆண்டுப் பைக்குத் தெரியாது. நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம், அவ்வளவுதான். 30 ஆண்டுக் கடனில் கட்டும் வீட்டுக்கு, கடன் முடிவதற்குள் குறைந்தது ஒரு தடவையாவது அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். நாலில் ஒன்று. 2011 ஜனவரி வெள்ளம் வடிந்த கையோடு பெப்ரவரியில் கிழக்கு மறுபடி மூழ்கியது. பையிடம் இரக்கம் எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கடல் மட்டம் மெல்ல ஏறும்போது பைக்குள் வெள்ளைக் கொட்டைகளின் எண்ணிக்கை கூடுகிறது. இன்று நூற்றில் ஒன்றாக இருக்கும் மட்டம் பிறகு நூற்றில் ஐந்தாகலாம், பத்தாகலாம். பேரலை எதுவும் எழாமலே எதிர்காலம் மாறிவிடும்.

சுவர் கட்டினால் நகரம் சட்டியாகும்

இனி விஷயத்தின் நடுப்பகுதி. கரையில் உயரமான நடைபாதை கட்டினால் வெள்ளம் உள்ளே வராது என்பது பலரின் எண்ணம். வாவி நீர் வராது, சரி. வானத்து நீர்?

மழைநீர் இப்போது வீதியோர வடிகால் வழியாக வாவிக்குள் போகிறது. ஓர் உதாரணக் குழாயை எடுத்துக்கொள்வோம். விட்டம் 450 மில்லிமீற்றர். அதன் அடிமட்டம் +0.30. குழாயின் மேல் விளிம்பு அப்போது +0.75. வாவி +0.20-இல் நிற்கும் கோடையில் குழாய் வாய் முழுதும் வெளியே தெரியும், நீர் தாராளமாக விழும். மாரியில் முகத்துவாரம் வெட்டுவதற்கு முன் வாவி +0.80-க்கு ஏறினால் குழாய் முழுதாக மூழ்கும். வெளியே போக வேண்டிய நீர் நிற்கும். அதற்கு மேலும் ஏறினால் வாவி நீர் அதே குழாயால் உள்ளே வந்து, கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளத்தில் கொப்பளிக்கும். “ஆறு அங்க இருக்க, தண்ணி இங்க எப்படி வந்தது?” என்று கேட்பவருக்கு விடை இந்தக் குழாய்.

இதைத் தடுக்கக் குழாய் வாயில் ஒருவழிக் கதவு பொருத்துவார்கள். சைக்கிள் ரியூப் வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாது. இது நீரை வெளியே விட்டு உள்ளே விடாது. பொருத்துவது ஒரு நாள் வேலை, காப்பாற்றுவது ஆயுள் வேலை. பொலித்தீன் பை, தேங்காய் மட்டை, சல்வீனியாக் கொத்து எது இடுக்கில் மாட்டினாலும் கதவு மூடாது. உப்புக் காற்றில் கீல் துருப்பிடிக்கும். மாரிக்கு முன் ஒவ்வொரு கதவையும் ஒருவர் திறந்து மூடிப் பார்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் கதவு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கதவு சரியாக மூடிக்கொண்டால் அடுத்த சிக்கல்: சுவருக்குள் பெய்யும் மழை எங்கே போகும்? 10 ஹெக்ரெயர் பகுதியில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 கன மீற்றர் நீர். செக்கனுக்கு 100 லீற்றர் இறைக்கும் பம்ப் நாள் முழுக்க ஓடினால் 8,640 கன மீற்றர்தான் வெளியேறும். அந்தப் பம்புக்கு மின்சாரம் வேண்டும். பெருமழையில் முதலில் போவது மின்சாரம். ஆகவே மின்பிறப்பாக்கி, டீசல், அதை உயரத்தில் வைக்க ஒரு மேடை, இரவில் விழித்திருக்க ஒரு ஆள். வண்ணப்படத்தில் இவற்றில் ஒன்றும் வராது. ‘பம்ப் நிலையம் எங்கே?’ என்று கேட்டு விடை வராத திட்டத்தை நம்பாதீர்கள்.

வேறு வழிகளும் உண்டு. ஹம்பேர்க்கில் பழைய துறையில் எழுந்த ஹாஃபன்சிற்றி என்ற நகர்ப்பகுதியில் சுவரே எழுப்பவில்லை. கட்டடங்களைக் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 8–9 மீற்றர் மேலே மேடையில் ஏற்றினார்கள். நீரோர நடைபாதையைத் தாழ்வாக விட்டார்கள். புயல் நீர் வந்தால் நடைபாதை நனையும், பிறகு கழுவிவிடுவார்கள். நெதர்லாந்தின் நைமேகனில் ஆற்றின் அணையை 350 மீற்றர் உள்ளே தள்ளி ஆற்றுக்கு இடம் கொடுத்தார்கள். அதற்காகச் சில வீட்டுக்காரர் இடம்பெயர வேண்டியிருந்தது. பட்டையைப் பட்டையாகவே விடும் திட்டங்கள் இவை. நம் ஊரிலும் பெரும் செலவு இல்லாமல் செய்யக் கூடியது இந்த வகைதான்: கீழ்ப்படியில் கண்டல், நடுப்படியில் நனைந்தாலும் கெடாத கல் தளம், மேற்படியில் வீதி.

கரைக்கல் பற்றி ஒரு சொல். நேராக நிற்கும் கொன்கிறீட் சுவரில் அலை மோதித் திரும்பும்போது அடிமண்ணை அரிக்கும். சில மாரிகளில் சுவர் முன்னால் சாயும். சாய்வாக அடுக்கிய கருங்கல் அலையின் வேகத்தை இடுக்குகளில் உடைக்கும். ஆனால் கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் வடிதுணி விரிக்க வேண்டும். தேத்தண்ணி வடி சாயத்தை விட்டுத் தேயிலையைப் பிடிப்பதுபோல, அது நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும். அதை மிச்சம் பிடித்தால் மண் மெல்லக் கல்லிடுக்கால் கசிந்து போய், மேலே பதித்த தளக்கல் ஒருநாள் குழியாக இறங்கும். குழியை மட்டும் நிரப்பினால் அடுத்த மாரிக்கு மறுபடி இறங்கும்.

இந்தப் பகுதியின் சாரம்: சுவர் வெளிநீரைத் தடுக்கும், உள்நீரையும் சேர்த்துத் தடுக்கும். கதவும் பம்பும் இல்லாத சுவர் சட்டியின் விளிம்பு மட்டுமே.

நிரப்பினால் வாவி பொங்குமா?

கரையை நிரப்பிக் காணி பிடிப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று: “நிரப்பிய அளவு தண்ணி ஊருக்குள்ள வரும்.” நல்ல நோக்கம், பிழையான கணக்கு. 1 கிலோமீற்றர் நீளத்துக்கு 20 மீற்றர் அகலம் நிரப்பினால், நீர் 1 மீற்றர் ஏறும் மாரியில் 20,000 கன மீற்றர் இடம் போகும். 10,000 லீற்றர் பவுசர் 2,000 நிரம்பும் நீர். ஆனால் வாவியின் பரப்பு 140 சதுர கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. பகிர்ந்தால் மட்டம் ஏறுவது 0.14 மில்லிமீற்றர். ஒரு தாளின் தடிப்பு.

அப்படியென்றால் நிரப்பலாமா? கூடாது, காரணம் வேறு. நிரப்புவது வடிகாலின் வாயை மூடும், குழாயை நீட்டினால் அதன் சாய்வு குறைந்து ஓட்டம் மந்தமாகும். பாலத்தடி போன்ற ஒடுங்கிய இடத்தில் நிரப்பினால் போத்தல் கழுத்தை நெரித்ததுபோல் நீர் அப்பால் போகத் தாமதிக்கும். கண்டலோரம் போனால் இறால் குஞ்சு ஒதுங்கும் இடமும் போகும். பிழையான கணக்கோடு கூட்டத்துக்குப் போனால், எதிர்த்தரப்புப் பொறியியலாளர் அந்த 0.14-ஐக் காட்டி ஐந்து நிமிடத்தில் வாயடைத்துவிடுவார்.

கடற்கரையில்: மணலும் 200 மீற்றரும்

எழுவான்கரையின் மறுபக்கம் கடல். அங்கே அசைவது மணல். அலை சாய்வாக வந்து மோதும்போது மணல் கரையை ஒட்டியே நகரும். இதைக் கரைவழி மணல் நகர்வு என்பார்கள். வரிசையில் நின்று கைமாற்றிக் கல் கடத்துவதை நினையுங்கள். நடுவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால் அவர் முன்னால் கல் குவியும், அவருக்கு அப்பால் இருப்பவர் கை வெறுமையாகும். 2013-இல் திறக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகத்தில் நடந்தது இதுதான். அலைதடுப்பு அணைகள் மணலை மறிக்க, துறை வாய் மணலால் தூர்ந்தது. வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் கரையை இழந்தன. கடலுக்குள் நீட்டும் எந்தக் கட்டுமானத்தின் படத்தைக் காட்டினாலும் முதற்கேள்வி, ‘இந்த மணலை அந்தப் பக்கம் யார் கடத்துவார், ஆண்டுதோறும் அதற்குக் காசு எங்கிருந்து?’

2004 சுனாமிக்குப் பிறகு வரைந்த கோட்டையும் இங்கே சொல்ல வேண்டும். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் கடலுக்கும் மறுபக்க வயலுக்கும் இடையில் உள்ள நிலமே ஒடுக்கம். 200 மீற்றரை எடுத்துவிட்டால் ஆட்களை எங்கே வைப்பது? பின்னர் விதி தளர்த்தப்பட்டது. கோட்டின் அடிப்படைக் குறை, அது தூரத்தை மட்டும் அளந்ததுதான். நீர் தூரம் பார்ப்பதில்லை, உயரம் பார்க்கிறது. 250 மீற்றரில் உள்ள பள்ளம், 150 மீற்றரில் உள்ள மணல்மேட்டை விட ஆபத்தானது.

இதோடு இன்னொரு குழப்பமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1981-ஆம் ஆண்டின் 57-ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தில் வரும் 300 மீற்றர், கட்டத் தடைசெய்த தூரம் அல்ல. அது கரையோர வலயத்தின் எல்லை. அதற்குள் கட்டுமானம் செய்ய அனுமதி பெற வேண்டும். கடலோடு இணைந்த வாவிகளுக்கு அந்த எல்லை வாயிலிருந்து 2 கிலோமீற்றர் வரை உள்ளே நீள்கிறது.

படத்தைக் கையில் எடுத்தால்

வாவிக்கரைத் திட்டம் ஒன்று பார்வைக்கு வைக்கப்பட்டால் வண்ணப்படத்தை விட்டு வெட்டுமுகத்தைக் கேளுங்கள். நடைபாதையின் உயரம் என்ன, வீதியின் உயரம் என்ன, எது தாழ்வு? நீலக் கோடு எந்த மாதம்? முகத்துவாரம் மூடியிருக்கும்போதா, திறந்திருக்கும்போதா? ஒவ்வொரு வடிகாலின் அடிமட்டம் எவ்வளவு? நீலக் கோட்டின் மட்டத்தோடு 0.5 மீற்றரைக் கூட்டி, அந்த நீர்மட்டத்துக்கு ஒரு பென்சிலால் நீங்களே கோடு போடுங்கள்; எத்தனை குழாய்கள் அதற்குக் கீழே போகின்றன என்று எண்ணுங்கள். பம்ப், கதவு, மணல் அள்ளல் ஆகியவற்றுக்கு ஆண்டுச் செலவு எந்தச் சபையின் வரவுசெலவில் வருகிறது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ‘மறுகா பார்ப்பம்’ என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கைப்பிடிக் கம்பியைப் பாருங்கள். பெரும்பாலான படங்களில் அது கரை நீளத்துக்கும் இடைவெளி இல்லாமல் ஓடும். தோணியைக் கரையேற்ற 8-க்கு 1 அளவில் சாய்ந்த தளம் ஒன்று வேண்டும். அகலம் இரண்டு தோணி பக்கத்தில் பக்கத்தில் ஏறும் அளவாவது. கீழ்முனை கோடை நீர்மட்டத்துக்கும் கீழே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓகஸ்டில் தோணி சேற்றில் நிற்கும். பக்கத்தில் வலை காய நிழலில்லாத வெளி, மீன் கழுவ ஒரு பைப், ஐஸ் பெட்டி இறக்க லொறி திரும்பும் இடம். தளப்படத்தில் இந்த நான்கையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.